கொல்லைப்புறத்துப் பள்ளிக்கூடம்

மேற்கு வங்க மாநிலத்தின் முர்சிதாபாத் மாவட்டத்தில் பெல்டாங்கா என்னும் ஊர் உள்ளது. அதன் அருகிலுள்ள சிற்றூர் பாப்தா. 2002ஆம் ஆண்டில் அச்சிற்றூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் ஒரு விளையாட்டைத் தொடங்குவான். அவனே ஆசிரியர். அவன் தங்கையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளுமாக எட்டுப் பேர் மாணவர். வீட்டின் கொல்லைப்புறமே வகுப்பறை. மாணவர்களே, ஆசிரியர் விளையாட்டு நீங்களும் சிறு வயதில் விளையாடியதுதான். ஆயினும் இவ்விளையாட்டில் ஒரு வேறுபாடு இருந்தது. எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளுள் பலர் உண்மையான பள்ளிக்கூடத்தின் உள்ளே ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அச்சிறுவனின் பெயர் பாபர் அலி. அவன் தந்தை சணல் வணிகம் செய்பவர். அக்குடும்பத்தில் முறையாகக் கல்வி கற்கத் தொடங்கிய முதல் பிள்ளை பாபர். அவனுடைய தோழர்களோ மாடு மேய்த்தனர், புல் அறுத்தனர், பெண் குழந்தைகள் பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கினர். அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லையே, இவர்கள் ஏன் படிக்கவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் சீருடைக்கும் புத்தகத்திற்கும் வண்டிக்கும் பணம் வேண்டும். பிள்ளை பள்ளிக்குச் சென்றால் அவன் கொண்டுவரும் கூலியும் நின்றுபோகும். பாபர் படித்த பள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ளுதல் நன்று. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி பெறுதல் அடிப்படை உரிமை என்று கூறும் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் அதே 2002ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அவ்வுரிமையை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பாபரின் கொல்லைப்புறத்தில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பாடம் நடந்து முடிந்திருந்தது.

பாடம் நடத்தச் சுண்ணக்கட்டி வேண்டுமல்லவா? தன் பள்ளியில் எஞ்சிய துண்டுகளைப் பாபர் எடுத்துவந்தான். சுவர்களில் கிறுக்குவதற்காக இவன் சுண்ணக்கட்டியைத் திருடுகிறான் என்று ஆசிரியர்கள் முதலில் எண்ணினர். பின்னர் உண்மை தெரிந்தது. தெரிந்ததும் அவர்கள் அவனைத் தண்டிக்கவில்லை. மேடையில் ஏற்றிப் புகழவுமில்லை. வாரந்தோறும் ஒரு பெட்டி சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்தனுப்பினர்.

பாபர் அலிக்குப் பின்னாளில் பல விருதுகள் கிடைத்தன. அவற்றுள் முதலாவது அந்தச் சுண்ணக்கட்டிப் பெட்டி என்றே இப்பாடத்தை எழுதுபவர் கருதுகிறார். ஒருவர் செய்யும் பணி இன்னதென்று கண்டறிந்து, அப்பணி மறுநாளும் தொடர்வதற்கு வேண்டியதைக் கொடுத்தல், பாராட்டு வகைகளுள் மிகப் பழையது, மிகப் பயனுடையதும்கூட.

விளையாட்டு மெல்ல மெல்ல வினையாயிற்று. எட்டுப் பேர் பலராயினர். பள்ளிக்கு ‘ஆனந்த சிக்ஷா நிகேதன்’ என்று பெயர் சூட்டப்பட்டது. ‘இன்பக் கல்வி நிலையம்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். 2009ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனத்தார் அங்கு வந்தபோது, கொல்லைப்புறத்தில் ஏறத்தாழ 800 பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர். பத்து ஆசிரியர்கள் இருந்தனர். பத்துப் பேரும் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டே ஊதியமின்றிக் கற்பித்த இளைஞர்கள். தலைமையாசிரியருக்கு வயது 16. காலையில் அவர் தம் பள்ளியில் மாணவர். மாலை நான்கு மணிக்குத் தம் இல்லத்தில் தலைமையாசிரியர். உலகின் மிக இளைய தலைமையாசிரியர் என்று பிபிசி அவரைக் குறிப்பிட்டது. அதன்பின் இந்தியத் தொலைக்காட்சிகளின் விருதுகளும் அவரைத் தேடி வந்தன.

மாணவர்களே, மேலே உள்ள பத்தியில் ஒரு மாற்றத்தைக் கவனித்தீர்களா? முதலில் பாபர் அலியை ‘அவன்’ என்று எழுதினோம்; பிறகு ‘அவர்’ என்று எழுதினோம். ‘அவர்’ என்பது பலரைக் குறிக்கும் சொல். ஒருவரையே மதிப்புக் கருதிப் பன்மையாற் கூறுதல் தமிழ் வழக்கு. இதனை உயர்வுப் பன்மை என்பர். ஒருவரை உயர்த்திக் காட்டத் தமிழர்க்குப் பதக்கம் முதலில் தேவைப்படுவதில்லை. ஒரு விகுதியே போதுமானது. உங்கள் குடியிருப்பில் உங்களினும் மூத்த அக்காள் ஒருவர் சிறு பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்குச் சொல்லித் தருகிறார் என்று கொள்ளுங்கள். உங்கள் பாட்டியார் திடீரென ஒருநாள் அவரைப் பற்றி ‘வந்தாள்’ என்னாமல் ‘வந்தார்’ என்று சொன்னால், அங்கே ஒரு விருது வழங்கப்பட்டுவிட்டது என்று அறிக.

இனி, விருது என்பதன் மறுபக்கத்தையும் காண்போம். அதற்குத் தில்லிக்குச் செல்ல வேண்டும்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 2. தில்லி ராம்லீலா திடலில் விழா நடந்துகொண்டிருந்தது. பிரதமர் நேரு வந்திருந்தார். ஹரிஷ் சந்திரா என்னும் பதினான்கு வயதுச் சாரணர் அங்கே தொண்டுப் பணியில் நின்றிருந்தார். துணிப்பந்தல் தீப்பற்றியது. மக்கள் அஞ்சி ஓடினர். ஹரிஷ் கம்பத்தின்மீது ஏறித் தம் சாரணக் கத்தியால் எரியும் துணியை அறுத்துத் தீ பரவாமல் தடுத்தார். அவருடைய கைகள் புண்பட்டன. இதனை நேரில் கண்ட நேரு, இத்தகைய வீரச் சிறாரை நாடு ஆண்டுதோறும் சிறப்பிக்க வேண்டும் என்று விரும்பினார். இந்தியக் குழந்தைகள் நலக் கழகம் தேசிய வீரச்சிறார் விருதைத் தோற்றுவித்தது. 1958இல் முதல் விருதுகள் இருவர்க்கு அளிக்கப்பட்டன. அவ்விருவருள் ஒருவர் ஹரிஷ். குடியரசு நாளன்று தில்லி அணிவகுப்பில் விருதுபெற்ற சிறார் வலம் வருவதை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அவ்வழக்கத்தின் வேர் அந்த எரிந்த பந்தலில் இருக்கிறது.

அந்த ஹரிஷ் பின்னர் என்ன ஆனார்? மற்ற பலரைப் போலவே அரசு அலுவலகப் பணியில் சேர்ந்து, காலம் முடிந்ததும் ஓய்வு பெற்றார். எந்த விருது அவரால் பிறந்ததோ, அவ்விருது விழாக்கோலத்துடன் ஆண்டுதோறும் நடந்துவந்த காலத்திலும், அவரை அறிந்தவர் தில்லியில் மிகச் சிலராகவே இருந்தனர். இதில் குறை கூறுதற்கு எவரும் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் பதினான்கு வயதில் நாடு முழுவதும் கைதட்டிய ஒருவர், எஞ்சிய வாழ்நாளில் அக்கைதட்டலை என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பதக்கம் ஒருநாளில் தரப்படுவது. சுண்ணக்கட்டிப் பெட்டியோ வாரந்தோறும் வருவது.

ஹரிஷின் செயலுக்கும் பாபரின் செயலுக்கும் உள்ள வேறுபாடும் கருதத் தக்கது. தீயை அறுத்தது சில நிமிடங்களில் முடிந்த வீரம். அதனைக் காணாதவர் இல்லை, பிரதமரே கண்டார். நாள்தோறும் நான்கு மணிக்குப் பாடம் தொடங்குவதோ எவர் கண்ணிலும் படாதது. பாபரின் பணியை உலகம் காண ஏழாண்டுகள் ஆயின. வீரத்தைப் பாராட்டுவது எளிது. தொண்டைப் பாராட்டுவது அரிது. தொண்டைக் காண வேண்டுமெனில், ஒருவர் அங்கே பல நாள் இருந்து பார்க்க வேண்டும். ஆகவேதான் தொண்டை முதலில் காண்பவர் அதிகாரியோ செய்தியாளரோ அல்லர், அண்டை வீட்டார்.

இராசத்தான் மாநிலத்து ஆல்வார் மாவட்டத்தில் ஹின்ஸ்லா என்னும் சிற்றூர் உள்ளது. குழந்தைத் தொழிலையும் குழந்தை மணத்தையும் எதிர்த்து, அவ்வூரில் சிறார் ஊராட்சி ஒன்று அமைக்கப்பட்டது. அமைதிக்கான நோபல் பரிசை 2014இல் பெற்ற கைலாஷ் சத்தியார்த்தியின் இயக்கம் இவ்வகை ஊர்களை உருவாக்கியது. தமக்கு ஏற்பாடு செய்யப்பட்ட குழந்தை மணத்தை மறுத்த பாயல் ஜாங்கிட் என்னும் சிறுமியை, ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 2019இல் அவர் நியூயார்க் நகரில் பன்னாட்டு விருது பெற்றபோது அவருக்கு வயது 17. நாளிதழ்கள் நியூயார்க் விருதைப் பெரிதாக எழுதின. ஆனால் அவரை முதலில் தலைவர் என்று கண்டுகொண்டவர்கள் உடன் விளையாடிய பிள்ளைகள்தாம். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசியவள் எவள் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

‘தொண்டு’ என்பது பழைய தமிழ்ச் சொல். ‘சேவை’ என்னும் சொல் இன்று வங்கிக்கும் தொலைபேசிக்கும் உரியதாகிவிட்டது. ‘தன்னார்வலர்’ என்பது அண்மையில் அமைத்துக்கொண்ட சொல். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திற்குத் திருத்தொண்டர் புராணம் என்பதே இயற்பெயர். அந்நூலில் அப்பூதியடிகள் என்பவரின் வரலாறு வருகிறது. திங்களூரில் வாழ்ந்த அவர், வழிநடப்போர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அப்பந்தலுக்குத் தம் பெயரை இடவில்லை. தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். அங்கு வந்த திருநாவுக்கரசர், உம் பெயரை இடாமல் பிறர் பெயரை இட்டது ஏன் என்று வினவினார். கேட்பவர் இன்னார் என்று அறியாத அப்பூதியடிகள் சினமே கொண்டுவிட்டார்! யாருடைய பெயர் எங்கே எழுதப்பட வேண்டும் என்னும் சிக்கல், தமிழர்க்கு இன்று நேற்று வந்ததன்று.

இக்காலத்தில் தொண்டை அளப்பதற்கு முறைகள் பல உள்ளன. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். உங்கள் பள்ளியிலுள்ள சாரணர் இயக்கத்திலும் படிப்படியாகத் தேர்ச்சி பெற்று, மாநில விருதையும் பின்னர்க் குடியரசுத் தலைவர் விருதையும் அடையலாம். மைய அரசு வழங்கும் ‘பிரதான் மந்திரி ராஷ்டிரிய பால் புரஸ்கார்’ என்னும் சிறார் விருது வீரம், சமூகத் தொண்டு, சுற்றுச்சூழல், கலை, அறிவியல், விளையாட்டு ஆகியவற்றில் சிறந்த சிறார்க்கு உரியது. அதற்கு எவரும் எவரையும் பரிந்துரைக்கலாம். ஒரு பிள்ளை தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் இடமுண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று நம் பெரியோர் முகம் சுளிக்கலாம். ஆனால் எழுதத் தெரிந்த பெரியவர் ஒருவரும் இல்லாத ஊரில் அப்பிள்ளையைத் தவிர வேறு யார் எழுதுவார்?

மணிக்கணக்கு வேண்டியதுதான். கணக்கில்லாவிடில் சொன்னவர் சொன்னதே செய்தது என்றாகிவிடும். எனினும் கணக்கில் அகப்படாத பணிகளும் உள. அவற்றுள் ஒன்று உங்களுக்கே உரியது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று மொழிகளில் புழங்குகின்றனர். தில்லியில் அல்லது மும்பையில் மருத்துவமனைக்கு வந்த தமிழ் மூதாட்டிக்கு, மருத்துவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்ன பிள்ளைகள் உங்களுள் எத்தனை பேர்? வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர், வீட்டு உரிமையாளரிடம் பெற்றோர் சார்பாகப் பேசியவர், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்க்குப் பேருந்து எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்? இதனை நீங்கள் தொண்டு என்று எண்ணியதே இல்லை. வீட்டு வேலை என்றே எண்ணியிருப்பீர்கள். மருந்தைக் காலையில் எடுக்க வேண்டுமா, இரவில் எடுக்க வேண்டுமா என்பதைத் தவறாக மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் அப்பொறுப்பைச் சுமந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

பாராட்டு எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. பள்ளி ஆண்டுவிழா ஒன்றில் இப்பாடத்தை எழுதுபவர் அமர்ந்திருந்தார். மாணவி ஒருவர் மேடைக்கு அழைக்கப்பட்டார். ‘சமூகத் தொண்டில் சிறந்து விளங்கியமைக்காக’ என்று படித்தனர், பொன்னாடை போர்த்தினர், படம் எடுத்தனர். அம்மாணவி என்ன செய்தார் என்பது கடைசிவரை அவையோர்க்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு?” என்று கேட்டார். விடை கூற முடியவில்லை. அதே மாணவியைப் பற்றி வேறு வகையில் எழுதியிருக்கலாம். எடுத்துக்காட்டாக, ‘குடியிருப்பின் பின்புறத்தில் கட்டட வேலை செய்வோரின் பிள்ளைகள் ஆறு பேருக்குச் சென்ற சூன் மாதம் முதல் வாரம் மூன்று நாள் எழுத்துக் கற்பித்தார்; அவர்களுள் நால்வர் இப்போது பள்ளியில் சேர்ந்துள்ளனர்; மழைக்காலத்தில் வகுப்பிற்கு இடமளித்தவர் காவலாளி’ என்று மூன்று தொடர்களில் முடித்திருக்கலாம். ‘சிறந்து’ என்னும் சொல் அதில் இல்லை என்பதைக் காண்க. தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்டு செய்தவரின் படத்தை வெளியிடும்போது, அத்தொண்டைப் பெற்ற பிள்ளையின் முகமும் அருகில் வந்துவிடுகிறது. கையில் குறிப்பேட்டுடன் நிற்கும் அப்பிள்ளையும் உங்கள் வயதுடையவனே. தன் வறுமை சுவரொட்டியாவதை அவன் விரும்புவானா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டு எடுத்தால் பல படங்கள் எடுக்கப்படாமலே போகும். அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

மீண்டும் பாப்தாவிற்கு வருவோம். அப்பள்ளியில் மாலை நான்கு மணிக்கு மணி அடித்தவர் மாணவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். அவர் மீன் விற்கும் பெண்மணி. எழுதப் படிக்கத் தெரியாதவர். காலையில் மீன்கூடையுடன் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்வார். மீனுக்கு விலை சொல்லும்போதே, அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றும் கேட்பார். இல்லை என்றால், பெற்றோரிடம் பேசி அழைத்து வருவார். ஒரு பதினாறு வயதினர் தலைமையாசிரியராக விளங்க முடிந்ததற்கு இப்பெண்மணியும், உடன் கற்பித்த இளைஞரும், கொல்லைப்புறத்தை விட்டுக்கொடுத்த பெற்றோரும், சுண்ணக்கட்டி தந்த ஆசிரியர்களும் காரணம். தலைமை என்பது இத்தனை பேரையும் ஒரே நேரத்திற்கு ஓரிடத்திற்கு வரச் செய்யும் திறன். பாபரிடம் அது இருந்தது. ஆனால் விருதுப் படத்தில் ஒருவர்தாம் நிற்க முடிகிறது.

பின்னாளில் அப்பள்ளி கொல்லைப்புறத்தை விட்டுத் தனிக் கட்டடத்திற்கு மாறியது. மாநில அரசின் ஏற்பும் அதற்குக் கிடைத்தது. அங்கே படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து, அதே பள்ளியில் ஆசிரியராயினர்.

இப்பாடத்திற்குரிய எழுத்துப் பயிற்சி இது. உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ பிறர்க்கு உதவும் இளையோர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் எம்மொழி பேசுபவராயினும் சரி. ஒரு வாரம் அவர் செய்வதைக் கவனியுங்கள். அவரிடமும், அவரால் உதவி பெற்றவரிடமும், அவருடன் பணி செய்பவரிடமும் பேசுங்கள். பிறகு எட்டுத் தொடர்களில் ஒரு பாராட்டுரை எழுதுங்கள். எந்நாள், எவ்விடம், எத்தனை பேர், உடனிருந்தவர் யார் என்பன அதில் இடம்பெறட்டும். அவர் பணி தொடர்வதற்கு இப்பொழுது என்ன வேண்டும் என்று கேட்டு, அதனைக் கடைசித் தொடராக எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டும் முன் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டி இசைவு பெறுக.